வக்கீல் கட்டணமும் குற்றப்பத்திரிகையும்: அமெரிக்கப் பணச்சலவைச் சட்டத்தில் ஒரு விலக்கின் வரலாறு

குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞரே கூண்டில் ஏற நேர்வது அமெரிக்காவில் புதிதல்ல. 1912இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூரிகளுக்கு லஞ்சம் கொடுக்க ஏற்பாடு செய்ததாகக் கிளாரன்ஸ் டாரோ மீது வழக்கு நடந்தது. முதல் விசாரணையில் விடுதலையானார். 1913இல் நடந்த இரண்டாம் விசாரணையில் ஜூரிகள் ஒருமனப்படவில்லை. பின்னர் அரசுத் தரப்பே அதைக் கைவிட்டது. டாரோ மீதான புகார் தொழிலுக்குப் புறம்பான ஒரு செயலைப் பற்றியது. லஞ்சம் யார் கொடுத்தாலும் குற்றமே. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது வேறொரு வகை: கட்டணம் வாங்குவது, வந்த பணம் நல்ல பணம்தானா என்று பார்த்துச் சொல்வது ஆகிய அன்றாட வேலைகளையே குற்றமாகக் காட்ட நடந்த முயற்சி. மியாமி வழக்கறிஞர் பெனடிக்ட் கியூன் மீது 2008இல் தொடுக்கப்பட்டு, 2009இல் திரும்பப் பெறப்பட்ட வழக்கு இதற்குத் தெளிவான சான்று.

இதன் வேர் 1980களின் போதைப்பொருள் ஒழிப்புச் சட்டங்களில் இருக்கிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் பறிமுதல் அதிகாரத்தைப் பெரிதும் விரித்தது. குற்றம் நடந்த கணத்திலேயே அதில் ஈட்டிய பணம் அரசுக்குச் சொந்தமாகிவிடுகிறது என்பது அதன் கோட்பாடு. அப்படியானால் கட்சிக்காரர் வக்கீலுக்குக் கொடுப்பது தன் பணத்தை அல்ல, அரசின் பணத்தை. அடுத்து 1986இல் பணச்சலவைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 1957ஆம் பிரிவு மிகக் கடுமையானது. குற்றத்தின் வழி வந்தது என்று தெரிந்தே 10,000 டாலருக்கு மேற்பட்ட தொகையை வங்கி வழியாகக் கையாண்டால் போதும். மறைக்கும் நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. தண்டனை 10 ஆண்டுகள் வரை. எழுத்துக்கு எழுத்து படித்தால், போதைப்பொருள் வழக்கில் வாதாடிய வக்கீல் தன் கட்டணக் காசோலையை வங்கியில் போடுவதே குற்றமாகிவிடும்.

நாடாளுமன்றம் இதை உணர்ந்துதான் 1988இல் ஒரு விலக்கைச் சேர்த்தது. அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் உறுதியளிக்கும் வழக்கறிஞர் உதவியைக் காப்பாற்றத் தேவையான எந்தப் பரிமாற்றமும் 1957ஆம் பிரிவில் அடங்காது என்றது அது. பிரச்சினை அத்துடன் தீரவில்லை. 1989 ஜூனில் கேப்ளின் அண்டு டிரைஸ்டேல் என்ற சட்ட நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றப் பணத்தைக் கொண்டு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை ஆறாவது திருத்தம் தரவில்லை என்று 5–4 என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. அந்தச் சட்ட நிறுவனத்துக்கு வரவேண்டிய கட்டணம் பறிமுதலுக்குள் போனது. கேள்வி எழுந்தது: அந்த உரிமையே இல்லையென்றால், அதைக் காக்க 1988இல் எழுதிய விலக்கு எதைக் காக்கிறது?  கியூன் வழக்கில் அரசுத் தரப்பு இதை அழுத்திக் கேட்டது.

மெடலின் போதைப்பொருள் கும்பலோடு தொடர்புடைய ஃபாபியோ ஒச்சோவா 2001இல் கொலம்பியாவிலிருந்து அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். மியாமியின் புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் ராய் பிளாக் அவருக்காக வாதாட ஒப்புக்கொண்டார். ஒச்சோவாவின் பணத்தைத் தொடுவதில் உள்ள ஆபத்து பிளாக்குக்குத் தெரியாததல்ல. பணத்தின் மூலத்தை ஆராய்ந்து எழுத்தில் கருத்துத் தரும் பொறுப்பைக் கியூனிடம் ஒப்படைத்தார். கியூன் சாதாரண ஆள் அல்ல. 2000ஆம் ஆண்டு ஃபுளோரிடா மறுவாக்கு எண்ணிக்கைச் சர்ச்சையில் அல் கோரின் சட்டக் குழுவில் இருந்தவர். குடும்பச் சொத்து விற்பனை முதலியவற்றின் ஆவணங்களைப் பார்த்து, பணம் சுத்தமானது என்று கடிதங்கள் கொடுத்தார். 50 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகை அவரது கணக்கு வழியாகப் பிளாக்கைச் சென்றடைந்தது. கியூனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2 லட்சம் டாலர். ஒச்சோவா 2003இல் தண்டிக்கப்பட்டார். 2008 பிப்ரவரியில் கியூன் மீது குற்றச்சாட்டு பதிவானது. ஆவணங்கள் பொய், பணம் போதைப்பொருள் பணம், அது கியூனுக்கும் தெரியும் என்றது அரசு. எச்சரிக்கைக்காக அமர்த்தப்பட்டவரே குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆனதுதான் நாடெங்கும் குற்றவியல் வழக்கறிஞர்களைக் கலங்கடித்தது.

விசாரணை நீதிபதி மார்சியா குக் 2008 டிசம்பரில் 1957ஆம் பிரிவு சார்ந்த குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். அரசு மேல்முறையீடு செய்தது. கேப்ளின் தீர்ப்புக்குப் பிறகு விலக்கு செயலற்றுப் போய்விட்டது என்பதே அதன் வாதம். பதினோராம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதை ஏற்க மறுத்தது. நீதிபதி ரோஸ்மேரி பார்கெட் எழுதிய தீர்ப்பின் சாரம் எளிமையானது: நாடாளுமன்றம் ஒரு வாசகத்தை எழுதியிருக்கிறது, அதை வெற்றெழுத்தாக்கும் வாசிப்பு ஏற்கத்தக்கதல்ல. கேப்ளின் பேசியது பணத்தைப் பறிப்பதைப் பற்றி. வக்கீலைச் சிறையில் அடைப்பதைப் பற்றி அல்ல. கட்டணத்தை இழக்க வேண்டியவரெல்லாம் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்ற இந்த வேறுபாடு 1988இலேயே வெளிச்சமாக இருந்தது என்பது என் கருத்து. அதைச் சொல்ல ஒரு மேல்முறையீடு தேவைப்பட்டதுதான் வியப்பு.

மற்றக் குற்றச்சாட்டுகள் அப்போதும் நின்றன. அரசு விசாரணையைத் தொடர்ந்திருக்கலாம். தொடரவில்லை. 2009 நவம்பர் இறுதியில் நீதித்துறை எல்லாக் குற்றச்சாட்டுகளையும் விலக்கிக்கொண்டது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இரு கொலம்பியர்களும் விடுபட்டனர். இதை அரசின் பெருந்தன்மை என்று படிப்பது சரியாகாது. டாரோ வழக்கில் ஜூரி பிளவுபட்டதும், இங்கே சட்ட அடித்தளம் சரிந்ததுமே கைவிடலுக்கு வழிவகுத்தன. சாட்சியத்தை மறுபடி எடைபோட்டுத் தாமாக மனம் மாறியதாக இரண்டிலும் காட்ட முடியாது. இடைப்பட்ட 21 மாதங்களும் குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ற பெயரோடுதான் கியூன் இருந்தார்.

பறிமுதல் பக்கத்திலும் பின்னர் ஓர் எல்லை வரையப்பட்டது. 2016இல் லூயிஸ் வழக்கில், குற்றத்தோடு தொடர்பில்லாத சொத்தை விசாரணைக்கு முன்பே முடக்கி ஒருவர் விரும்பும் வக்கீலை வைத்துக்கொள்ள முடியாமல் செய்வது ஆறாவது திருத்தத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1988இன் விலக்கோ மாறாமல் இருக்கிறது. அது காப்பது 1957ஆம் பிரிவிலிருந்து மட்டுமே. பணத்தின் மூலத்தை மறைக்கும் நோக்கோடு செயல்படுவோரைத் தண்டிக்கும் 1956ஆம் பிரிவுக்கு அது பொருந்தாது. அந்தப் பிரிவின் கீழ் ஒரு வழக்கறிஞர் மீது இன்றும் குற்றஞ்சாட்ட முடியும்.