துணைக்கு என்ன கொடுக்கலாம்? ஹேவாஹெட்ட தேயிலையும் இரண்டு ஊர்க் கருப்பட்டியும்

பெப்ரவரி பிறந்தால் கண்டி நகரக் கடைகளில் சிவப்பு இதயங்களும் சொக்லேட் பெட்டிகளும் முன்வரிசைக்கு வந்துவிடும். அங்கிருந்து தலாத்துஓயா பக்கமாக மலையேறினால் ஹேவாஹெட்ட. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. ஒரு நாள் உழைப்பைப் பளபளக்கும் பெட்டி ஒன்றுக்குக் கொடுப்பதா என்று அங்குள்ள இளம் தம்பதிகள் யோசிக்கத்தான் வேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கூலிவேலையில் வாழும் குடும்பங்களின் நிலையும் இதுதான்.

ஆனால் அன்பளிப்பே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் சரியல்ல. போர், இடப்பெயர்வு, கடன் என்று ஓடிய வீடுகளில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கவனிக்கும் பழக்கமே குறைந்துபோகிறது. துணை எதை விரும்புகிறார், எதை இழந்தார் என்பதைக் கவனித்துக் கொடுப்பதே நல்ல அன்பளிப்பு. வீட்டிலேயே செய்யக்கூடிய சில வழிகள் இங்கே.

தேயிலையும் கருப்பட்டியும்

ஹேவாஹெட்ட மலைப்பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. வடக்கில் வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக் குடிப்பார்கள். கண்டிப் பக்கத்தில் அதே இடத்தில் கித்துள் கருப்பட்டி இருக்கும்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்து குடியேறின. அதனால் இரண்டு சுவையும் தெரிந்த வீடுகள் இன்று வன்னியில் பல உண்டு. துணை மலையகத்தில் பிறந்தவரானால் பிறந்த ஊர்ப் பக்கத்துத் தேயிலை 100 கிராம், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி, ஒரு குட்டான் பனங்கட்டி மூன்றையும் ஒரு பொதியாகக் கட்டிக் கொடுங்கள். கருப்பட்டியில் சீனி கலந்து விற்பதும் உண்டு. தெரிந்த கைகளிடம் வாங்குவது நல்லது. ஈரக்காற்றில் அது கசியும். இறுக மூடும் தகரத்தில் வையுங்கள்.

எள்ளுருண்டை

தேவையானவை: எள்ளு 250 கிராம், கித்துள் கருப்பட்டி 200 கிராம், உப்பு ஒரு சிட்டிகை.

எள்ளைக் கழுவி, வடித்து, நன்றாக உலர்த்துங்கள். மெல்லிய நெருப்பில் வறுத்து, வெடிக்கத் தொடங்கி வாசம் வந்ததும் இறக்குங்கள். கருகினால் கசக்கும். இளஞ்சூட்டிலேயே உப்போடு உரலில் இட்டு இடித்து, சீவிய கருப்பட்டியைச் சேர்த்து மீண்டும் இடியுங்கள். எள்ளின் எண்ணெய் கசிந்து எல்லாம் ஒன்றாகத் திரளும். பாகு காய்ச்சத் தேவையில்லை. சிறு தேசிக்காய் அளவில் உருட்டி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, கழுவிக் காயவைத்த பால்மா தகரத்தில் அடுக்குங்கள். தண்ணீர் படாவிட்டால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். கொழும்பில் வேலைசெய்யும் துணைக்கு அனுப்பவும் ஏற்றது.

வடக்கின் சுவை வேண்டுமானால் கித்துளுக்குப் பதில் பனங்கட்டி போட்டு, வறுத்த உழுத்தம்மாவும் கொஞ்சம் சேருங்கள். தேங்காய்ப்பூ சேர்த்த பயற்றம் உருண்டையைத் தூரம் அனுப்பவேண்டாம். அதை வீட்டிலேயே இரண்டொரு நாளில் சாப்பிட்டுவிடுவது நல்லது.

ஒரு காலை நேரம்

கொழுந்து பறிக்கப் போகும் பெண் விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தமாக்கி, பிறகுதான் மலைக்குப் போகிறாள். அவளுக்குக் கணவன் தரக்கூடிய பெரிய அன்பளிப்பு அந்தக் காலைநேரம். முதல்நாள் இரவே தேங்காய் துருவி வையுங்கள். காலையில் நீங்கள் எழுந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக் கொடுங்கள். இதை வருடத்தில் ஒருநாளோடு நிறுத்தாமல் வாரத்தில் ஒருநாளாக்கினால் இன்னும் நல்லது.

தொலைந்த கலியாணப் படம்

2009இல் வன்னியிலிருந்து வெளியேறியவர்களில் பலர் கலியாண அல்பத்தையும் விட்டுவிட்டே வந்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கனடாவுக்கோ லண்டனுக்கோ அனுப்பிய பிரதி ஒன்று உறவினர் வீட்டில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். பிளாஷ் போடாமல், யன்னலோரப் பகல் வெளிச்சத்தில், நேர்மேலிருந்து கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பச் சொன்னால் ஸ்டூடியோவில் அச்சிட்டுக்கொள்ளலாம். படத்தில் இறந்தவர்களோ காணாமல் போனவர்களோ இருந்தால் திடீரென்று கையில் கொடுக்காதீர்கள். படம் கிடைத்திருக்கிறது, பார்க்க விருப்பமா என்று முதலில் கேளுங்கள்.

அடகில் இருக்கும் நகை

மனைவியின் சங்கிலி வங்கியில் அடகிலிருக்கும்போது புதிதாகத் தோடு வாங்கிக் கொடுப்பதில் பொருளில்லை. அடகுச் சீட்டின் திகதியைப் பாருங்கள். முழுதும் மீட்க முடியாவிட்டால் ஒரு பகுதி கட்ட முடியுமா என்று வங்கியில் விசாரியுங்கள். கட்டிய பற்றுச்சீட்டே அவளுக்கு நிம்மதி தரும். சீட்டு அவள் பெயரில் இருந்தால் நேரில் வர வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அன்பளிப்புக்காக நுண்கடன் மட்டும் எடுக்கவேண்டாம். அந்தத் தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியவள் பெரும்பாலும் அவள்தான்.

மூடிய கடிதம்

போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் போன குடும்பச் செய்திகள் மூடப்படாத தாள்கள். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்று தெரிந்தே, சுகநலம் மட்டும் எழுதினோம். அன்று எழுத முடியாமல் போனதை இன்று ஒரு பக்கத்தில் எழுதி உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கலாம். எழுத வராதவர்கள் குரல்பதிவாக அனுப்பலாம்.

கவனிக்க வேண்டியவை

வெடி கொளுத்துவது, பின்னால் நின்று கத்துவது, விளக்கை அணைத்துவிட்டுத் திடுக்கிட வைப்பது போன்ற வேடிக்கைகளைத் தவிருங்கள். ஷெல் சத்தத்தில் வாழ்ந்தவர்களின் உடல் அதை இன்னும் மறக்கவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20ஆம் திகதி. காதலர் தினம் கழிந்து ஆறாம் நாள். கணவருக்காக இன்னும் காத்திருக்கும் ஒரு பெண் உங்கள் அயலில் இருந்தால், எள்ளுருண்டை செய்யும் நாளில் அவருக்கும் நாலு எடுத்துவையுங்கள். அது எந்த நாளுக்கென்று சொல்லவேண்டியதில்லை. ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் கூட இருந்துவிட்டு வாருங்கள்.