முகமூடிக்குப் பின்னால் என்ன?

1929-இல் மனப்பகுப்பாய்வாளர் ஜோன் ரிவியர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். மேடையில் அறிவாளியாகப் பேசுவாள். இறங்கியதும் ஆண்களிடம் குழைவாள். ஆணின் இடத்தை எடுத்துக்கொண்டதற்குத் தண்டனை வருமோ என்று பயந்து, பெண்மையை முகமூடியாகப் போடுகிறாளாம்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ ஜீஜிக்கு அப்படி மறைக்க மேடையே இல்லை. சமையலறையும் அலங்காரமுமே அவள் அதிகாரம். அது பலமே இல்லை என்று, படுக்கையில் கிடக்கும் மாமியாரிடம் மீனாட்சி பேசும் இடம் என்னை இன்னும் உறுத்துகிறது. முகமூடியைக் கழற்றினால் ஜீஜியிடம் என்ன மிஞ்சும்?

பாச்சாங்கில் இதை வாசிக்கையில் தோட்டத்துப் பெண்கள் ஞாபகம் வருகிறார்கள். பால்மரம் வெட்டப் போகையில் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. திருவிழாவுக்குப் பூவும் பொட்டும். வேஷத்துக்கும் அசல் பெண்மைக்கும் வித்தியாசமில்லை என்றார் ரிவியர். சட்டை கொசுவுக்குத்தான்னு பாட்டிமார் சொல்வாங்க. இருக்கலாம். ஆனா, சம்பளம் வந்தது அந்தச் சட்டையில்தான்.