சொத்துல பங்கு தரலையா? கோர்ட் படி ஏறும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய 6 விஷயங்கள்!

"உனக்குத்தான் நகை போட்டுக் கல்யாணம் பண்ணி வெச்சாச்சே... அப்புறம் என்னம்மா பங்கு?"

இந்த வசனத்தை ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் நீங்களும் கேட்டிருப்பீங்க. மதுரை - திண்டுக்கல் நான்கு வழிச்சாலையை ஒட்டியிருக்கும் சமயநல்லூர் போன்ற ஊர்களில் சென்ட் விலை ஏற ஏற, அண்ணன் தங்கச்சிக்குள் பேச்சுவார்த்தை குறைவது வழக்கமாகிவிட்டது. கடைசியில், "கோர்ட்ல பார்த்துக்கலாம்" என்ற வார்த்தை வந்து விழும்.

ஓர் உதாரணத்தோடு போவோம். உங்க அப்பா சமயநல்லூரில் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு வீடும், பக்கத்தில் காலி மனையும் வாங்கினார். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இருப்பது அம்மா, அண்ணன், நீங்க, தங்கை. வீட்டில் அண்ணன் குடியிருக்கிறார். பங்கு கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார். இப்போ என்ன செய்யணும்?

1. உங்க பங்கு எவ்வளவு?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், அம்மா எல்லோருக்கும் சம பங்கு. நம் உதாரணத்தில் பாட்டி உயிரோடு இல்லை என்றால் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. கல்யாணச் செலவு, போட்ட நகை எதுவும் இந்தக் கணக்கில் வராது.

பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை உண்டு. 2005-ல் வந்த திருத்தம் அதைத் தந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்ட்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால், 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையை இதை வைத்துக் கலைக்க முடியாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

2. 'பட்டா என் பேர்ல இருக்கு!'

அண்ணன் இப்படிச் சொன்னால் பயப்படாதீங்க. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யுடிஆர்) பெயர் மாறி ஏறிய பட்டாக்கள் இன்றும் பிரச்னை கொடுக்கின்றன. வெறும் பதிவுப் பிழை என்றால், முதலில் வருவாய்த்துறையில் மனு கொடுத்துப் பாருங்க.

உட்கார்ந்த இடத்திலேயே மொபைலில் இரண்டு வேலை முடிக்கலாம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று பாருங்க. யாராவது விற்றிருந்தாலோ, அடமானம் வைத்துப் பதிந்திருந்தாலோ அதில் தெரியும். தமிழக அரசின் இ-சேவைகள் தளத்தில் பட்டா, சிட்டா பாருங்க. பிறகு மூலப் பத்திர நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்க.

3. 'சும்மா ஒரு கையெழுத்து போடும்மா!'

பாதிப் பேர் தோற்பது இங்கேதான். "பட்டா மாத்த", "லோன் வாங்க" என்று சொல்லி நீட்டும் தாள், உண்மையில் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். அதில் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிட்டால் உங்க பங்கை விட்டுக்கொடுத்துவிட்டீங்க என்று அர்த்தம். படிக்காமல் போட்டுவிட்டீங்களா? ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்க தலையில் விழும்.

4. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது!

பாசத்துக்குக் காலக்கெடு கிடையாது. வழக்குக்கு உண்டு. காலவரையறைச் சட்டம் 1963 சொல்லும் முக்கியமான கெடுக்கள்:

• கூட்டுக் குடும்பச் சொத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று ஒதுக்கியது தெரிந்த நாளில் இருந்து 12 ஆண்டுகள்.
• மோசடிப் பத்திரத்தை ரத்து செய்ய, விஷயம் தெரிந்த நாளில் இருந்து 3 ஆண்டுகள்.
• நீங்க மைனராக இருந்தபோது கார்டியன் உங்க சொத்தை விற்றிருந்தால், மேஜரான பிறகு 3 ஆண்டுகள். அதாவது, பெரும்பாலும் 21 வயது வரைதான்!

இன்னொன்று, அனுபவத்தில் இருந்த இடத்தைவிட்டு அடாவடியாக வெளியேற்றினால், உரிமையை நிரூபிக்காமலே அனுபவத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு 6 மாதங்கள்தான் (குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், பிரிவு 6).

5. எங்கே, என்ன கேட்பது?

நீங்க சென்னையிலோ, துபாயிலோ இருந்தாலும் சொத்து இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் வழக்கு. சமயநல்லூர் சொத்துக்கு மதுரை மாவட்டத்துக்குத்தான் வரணும். சொத்தின் மதிப்பைப் பொறுத்து முன்சீப், சார்பு அல்லது மாவட்ட நீதிமன்றம்.

என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம். பங்கு வேண்டும் என்றால் பாகப்பிரிவினை வழக்கு. உங்க உரிமையையே எதிராளி மறுத்தால், தடையுத்தரவு மட்டும் கேட்டால் போதாது, உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்கணும். வழக்கு முடிவதற்குள் விற்றுவிடுவாரோ என்ற பயம் இருந்தால் இடைக்காலத் தடை கேளுங்க. அப்படியே விற்றாலும், வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

ஒரு எச்சரிக்கை. பாகப்பிரிவினையில் முதலில் வருவது முதனிலைத் தீர்ப்பாணை. அது யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்லும். இடத்தை அளந்து பிரித்துத் தருவது இறுதித் தீர்ப்பாணை. முதலாவது வந்ததுமே, "ஜெயிச்சாச்சு" என்று ஃபைலை மூடி வைத்துவிடாதீங்க.

6. செலவும் காலமும்

உங்களைச் சொத்தின் அனுபவத்தில் இருந்தே விலக்கி வைத்திருந்தால், பங்கின் மதிப்பை வைத்து நீதிமன்றக் கட்டணம் வரும். தமிழ்நாட்டில் 7.5 சதவிகிதமாக இருந்த இது 2017-ல் 3 சதவிகிதமானது. 20 லட்சம் மதிப்புள்ள பங்குக்கு 60,000 ரூபாய். கூட்டு அனுபவத்தில் இருந்தால் கட்டணம் இதைவிட மிகக் குறைவு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

ஆனால், காலம்? தமிழ்நாட்டில் இருந்து போன அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கைப் பாருங்க. பாகம் கேட்டு 1991-ல் போட்ட வழக்கு, 1994-ல் விசாரணை நீதிமன்றத்திலும் 2009-ல் உயர் நீதிமன்றத்திலும் தோற்றது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. 31 ஆண்டுகள்! அந்தத் தீர்ப்பைக் கேட்க மேல்முறையீட்டாளர் உயிரோடு இல்லை. வாரிசுகள்தான் இருந்தார்கள்.

அதனால்தான் வழக்கு போட்ட பிறகும் பேச்சுவார்த்தைக் கதவை மூடக் கூடாது. லோக் அதாலத்தில் சமரசமானால் அதற்கு அப்பீல் கிடையாது, கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றத்துக்கு வெளியே நீங்களே பேசி முடித்தாலும் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2021-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அண்ணனிடம் பேசுங்க, தப்பே இல்லை. ஆனால், "அடுத்த தையில பார்க்கலாம்" என்று வருஷக்கணக்கில் இழுக்கிறாரா? வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்பி, நீங்க பங்கு கேட்ட தேதியை எழுத்தில் பதிவு செய்யுங்க. பேச்சு தொடரட்டும், கெடு முடிவதற்குள் வழக்கும் தயாராக இருக்கட்டும்.