மழைக்காலத்தில் தோல் பூட்ஸ் பராமரிப்பு: மலையடிவார விவசாயிகளுக்கான வழிமுறைகள்

செங்கோட்டை, மேக்கரை, பண்பொழி, குற்றாலம் சுற்றுவட்டாரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். மலையடிவாரத் தோப்புகளில் புல் முழங்கால் வரை வளர்ந்துவிடும். இரவில் தண்ணீர் பாய்ச்சவும், காட்டுப்பன்றிக் காவலுக்கும் செல்வோருக்குக் கணுக்காலுக்கு மேல் உயரமுள்ள தோல் பூட்ஸ் நல்ல பாதுகாப்பு.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். கடி அதிகம் படுவது காலில்தான். பூட்ஸ் இந்த ஆபத்தை முழுவதும் தடுக்காது. ஆனால் வெகுவாகக் குறைக்கும்.

பலர் பூட்ஸ் வாங்கியும் ஒரு மழைக்காலத்துடன் அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். தோல் விறைத்துக் காலைக் கடிப்பதே காரணம். பிறகு செருப்புடனோ வெறுங்காலுடனோ தோப்புக்குப் போகிறார்கள். நாள்தோறும் பத்து நிமிடம் செலவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

தோல் ஏன் விறைக்கிறது?

தோலைப் பதனிடும்போது அதற்குள் எண்ணெய் ஊட்டப்படுகிறது. அதுதான் தோலுக்கு மென்மை தருகிறது. மழையில் நனைவதும் வெயிலில் காய்வதும் மாறி மாறி நடந்தால் அந்த எண்ணெய் குறைந்து தோல் வெடிக்கும்.

சுத்தம் செய்தல்

* வீடு திரும்பியதும் சேற்றை ஈரத்துணியால் துடைக்கவும். தையல் இடுக்கில் உள்ள மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுக்கவும்.
* சோப்புத்தூள் போட்டு ஊறவைக்கக் கூடாது. அது தோலில் உள்ள எண்ணெயையும் எடுத்துவிடும்.
* அட்டைக்கடிக்குப் பயந்து பூட்ஸ் மீது உப்பு தேய்ப்பதைத் தவிர்க்கவும். உப்பு தோலை வறட்சியாக்கும்.

உலர்த்துதல்

* கயிற்றைக் கழற்றி, நாக்குப் பகுதியை விரித்து, உள் அட்டையை வெளியே எடுக்கவும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, அது ஈரமானதும் மாற்றவும்.
* நிழலில் காற்றோட்டமாக உலர்த்தவும். அடுப்பருகிலோ வெயிலிலோ வைக்கக் கூடாது. நனைந்த தோல் சூடுபட்டால் சுருங்கிவிடும். பிறகு பழைய நிலைக்கு வராது.
* சாரல் நாட்களில் உலர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அதுவரை ரப்பர் கம்பூட்ஸ் அணியலாம்.

எண்ணெய், மெழுகு

* நன்கு உலர்ந்த பின், மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிய பூச்சாகத் தடவவும். ஓர் இரவு விட்டு, மிச்சத்தைத் துடைக்கவும். அதிகம் தடவினால் தோல் தொளதொளத்துப் போகும்.
* தேன்மெழுகு 1 பங்கு, தேங்காய் எண்ணெய் 3 பங்கு எடுத்து, கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி ஆறவிடவும். இதைத் தையலிலும், அடிப்பாகம் சேரும் இடத்திலும் தேய்த்தால் தண்ணீர் எளிதில் இறங்காது.
* கடலை எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்கு வாடை வரும், எலியும் தேடி வரும். மண்ணெண்ணெயும் கழிவு ஆயிலும் பசையைக் கெடுக்கும்.
* சொரசொரப்பான மேற்பரப்புள்ள தோலுக்கு எண்ணெய் பூசக் கூடாது. பிரஷால் துடைத்தால் போதும்.

பூசணம் பிடித்தால்

வீட்டுக்கு வெளியே வைத்துத் துணியால் துடைத்து, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து மீண்டும் துடைக்கவும். உலர்ந்த பின் எண்ணெய் பூசவும். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூசணம் மீண்டும் வரும்.

மருந்து தெளிக்கும்போது தோல் பூட்ஸ் கூடாது

பூச்சிமருந்தைத் தோல் உறிஞ்சிக்கொள்ளும். கழுவினாலும் முழுவதும் போகாது. அடுத்தடுத்து அணியும்போது அது காலில் ஊறும். எனவே மருந்து தெளிக்க ரப்பர் கம்பூட்ஸ் மட்டுமே அணிய வேண்டும். அப்போது முழுக்கால் சட்டையை பூட்ஸுக்கு வெளியே விடவும். மருந்து ஊறிய தோல் பூட்ஸை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். உழுத சேற்று வயலுக்கும் தோல் பூட்ஸ் ஏற்றதல்ல.

அணியும் முன்

பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் தட்டிய பின்பே காலை நுழைக்கவும். தேள், பூரான், சில சமயம் பாம்புக்குட்டியும் உள்ளே ஒதுங்கும். சுவரில் ஆணி அடித்துத் தலைகீழாக மாட்டி வைப்பது நல்லது. தையல் விட்டாலோ, அடிப்பாகம் வாய் பிளந்தாலோ உடனே தைத்துக்கொள்ளவும்.

பாம்பு கடித்துவிட்டால்

பூட்ஸ், மெட்டி, கொலுசு போன்றவற்றை உடனே கழற்றவும். கால் வீங்கினால் கழற்ற முடியாது. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடாது. காலை அசைக்காமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். விஷமுறிவு மருந்து அங்கு இலவசமாகவே கிடைக்கிறது. நாட்டு வைத்தியத்தில் நேரத்தை இழக்க வேண்டாம்.