கல்விக்கு மீண்டவர்களின் கைப்பொருள்

கட்டணம் செலுத்தியே ஆங்கிலக் கல்வி பெறவேண்டியிருந்த காலத்தை 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது என்று நம் பாடநூல்கள் சொல்வதும், அதை முன்னின்று கொண்டுவந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரை நன்றியோடு நினைவுகூர்வதும் முற்றிலும் நியாயமே. ஆயினும் அத்திட்டம், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இடையறாது ஏறிச் செல்லும் மாணாக்கனை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டதேயன்றி, வறுமையாலோ விவாகத்தாலோ வயல்வேலையாலோ நடுவில் நின்றுபோய், பத்து வருஷங் கழித்து மறுபடியும் படிக்க வருகிறவனை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டதன்று. அவன் செலவை அவனே பார்த்துக்கொண்டான். எப்படிப் பார்த்துக்கொண்டான் என்பதை அம்பாறைக் கரையோரத்தை வைத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கரைப்பற்றோடு ஒட்டிக் கிடக்கும் ஆலையடிவேம்பும், வடக்கே அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று தமிழரும் முஸ்லிம்களும் மாறிமாறி வாழும் ஊர்களும், கடலுக்கும் வயல்வட்டைக்கும் இடையில் ஒரே தெருவில் கோத்தாற்போல அமைந்தவை. ஆங்கிலேயர் காலத்தில் உயர்ந்த ஆங்கிலக் கல்விக்கு மட்டக்களப்புப் பட்டினமே கதி. அது ஆலையடிவேம்பிலிருந்து 40 மைலளவு தூரம். சுயபாஷைப் பள்ளிகளில் கட்டணமில்லை, ஆங்கிலப் பள்ளிகளில் கட்டணமுண்டு என்ற அக்காலத்து நியதியோடு, விடுதிச் செலவும் சேர்ந்துகொண்டபோது, வயற்சொந்தக்காரரான போடியார் வீட்டுப் பிள்ளையன்றி, அவர் வயலைப் பார்க்கும் முல்லைக்காரன் வீட்டுப் பிள்ளை அப்பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாமற்போனதில் வியப்பில்லை.

சம்பாதித்துக்கொண்டே கற்றவர்களுள் இக்கரையோரம் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கவர், பின்னாளில் விபுலாநந்த அடிகளான காரைதீவு மயில்வாகனனார். 1892இல் பிறந்த அவர் 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறி, ஆசிரியத் தொழிலில் அமர்ந்தார். அத்தோடு கற்றல் முடிந்தது என்று எண்ணாமல், கொழும்பில் ஆசிரியப் பயிற்சியையும், 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவையும் பெற்று, அவ்வாண்டிலேயே, பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் சித்தியடைந்தார். பிறகு யாழ்ப்பாணத்தில் பிறருக்குப் பாடஞ் சொல்லிக்கொண்டே, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி. எஸ்ஸி. பட்டத்தைப் பெற்றபோது அவருக்கு வயது 28. வகுப்பறையில் வந்து அமராதவனும் பரீட்சைக்குத் தோற்றலாம் என்று 1858இலேயே இலண்டன் கதவைத் திறந்துவிட்டிருந்தது. அந்தக் கதவின் வழியாகத்தான், ஆசிரியச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த எத்தனையோ இலங்கையர் பட்டதாரிகளாயினர்.

அரசாங்கமே செலவை ஏற்ற வழி ஒன்றும் இருந்தது. அட்டாளைச்சேனையில் 1940களில் தோன்றிய ஆசிரிய கலாசாலை, ஏற்கனவே பள்ளிகளில் கற்பித்துக்கொண்டிருந்தவர்களை, குடும்பஸ்தர்களாயினும், மீண்டும் மாணாக்கராக்கிப் பயிற்றியது. என் கருத்தில், வளர்ந்தவன் படிப்பதற்கு இராச்சியம் மனமுவந்து பணங்கொடுத்த துறை இது ஒன்றே. அதுவும் அவன் ஏற்கனவே அரசாங்கத்துக்கு வேலைசெய்பவனாக இருந்த காரணத்தினால்.

மற்றவர்களுக்கு வாய்த்தது தனிப்பட்ட பரீட்சார்த்தி என்ற பட்டயம். பத்திரிகையில் வரும் அறிவித்தலைப் பார்த்து, தபாற்கந்தோரில் கட்டணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டை விண்ணப்பத்தின் உரிய கட்டத்தில் ஒட்டி, கடைசித் தேதிக்கு முன் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, வயலில் சூடு மிதிக்கப் போனவர்கள் ஒரு தலைமுறையில் ஏராளம். பரீட்சை மண்டபத்தில் முன் வாங்கில் தம்மிடமே படித்த பையன் இருக்கக் கண்டு, குனிந்த தலை நிமிராமல் எழுதி முடித்த தொண்டர் ஆசிரியர்களும் உண்டு. 1960களில் இலங்கைப் பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பரீட்சைகளை நடத்தத் தொடங்கவே, பட்ட ஆசை கிராமங்களையும் தொட்டது. பேராதனையில் இருந்த அப்பல்கலைக்கழகத்தின் ‘ஜீ.ஏ.கியூ.’ என்ற முதற் பரீட்சையின் பெயர், அதை எழுதாத வீட்டுப் பெண்களுக்கும் மனப்பாடமாயிற்று. பல்கலைக்கழகம் கொடுத்தது பாடத்திட்டமும் பதிவிலக்கமும் மாத்திரமே. விரிவுரை வேண்டுமாயின் சனி, ஞாயிறுகளில் ரியூட்டரிக்குப் பணங்கட்ட வேண்டும். குறிப்புக்கு வேறு பணம். பரீட்சை நிலையத்துக்குப் போய்த் தங்க வேறு பணம். பதிவுக் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டு வெளிவாரிப் படிப்பு மலிவானது என்று பேசுவோர், இச்செலவுகளைக் கூட்டிப் பார்த்ததில்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்போக வேளாண்மை வாய்த்த வருஷத்தில் நெல் விற்ற காசிலிருந்து. தெருவார் சேர்ந்து பிடித்த சீட்டிலிருந்து. பிற்காலத்தில் மத்திய கிழக்குக்குப் போன உடன்பிறந்தாள் அனுப்பிய காசிலிருந்து. ஆனால் இவை யாவற்றிலும் நிச்சயமானது, ஈடு வைத்த நகை. 1960களின் இறுதியில் தொடங்கி அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருப்பதுபோல, இக்கரையோரத்துத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது வழக்கம். கலியாணம் முடித்த ஆடவன் மனைவி வீட்டில் வந்து குடியிருக்கிறான். ஆகவே அவன் படிக்கும் விளக்கு எரிந்தது அவளுடைய வீட்டில். அவனுடைய கட்டணத்துக்காக வங்கிக்குப் போனது அவளுடைய காப்பு. பட்டம் கிடைத்துச் சம்பளப் படி உயர்ந்ததும் காப்பு மீண்ட வீடுகளும் உண்டு, வட்டியில் மூழ்கிய வீடுகளும் உண்டு. சான்றிதழில் அவள் பெயரை எழுத இடமில்லை. அவளே படிக்க விரும்பியிருந்தால் யார் எதை ஈடு வைத்திருப்பார்கள் என்ற கேள்வியை அந்தத் தலைமுறை கேட்கவுமில்லை.

1980இல் திறந்த பல்கலைக்கழகம் ஸ்தாபிக்கப்பட்டபோது, வேலைசெய்வோருக்கென்றே ஒரு கலாபீடம் முறையாக அமைந்தது. பட்டதாரி ஆசிரியர்கள் கல்வி டிப்ளோமாவுக்காக அதை நாடினர். அதுவும் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகமே. அடுத்த ஆண்டிலேயே தொடங்கிய மகாபொல உபகாரச் சம்பளமோ உள்வாரி மாணவருக்கு உரியது. பின்பு யுத்தம் வந்து, வகுப்புக்குப் போகும் பாதையே பயத்துக்குரியதாயிற்று. 1995இல் அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப்பின் முயற்சியால் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, மறு வருஷமே பல்கலைக்கழகமாக உயர்ந்து ஒலுவிலில் நிலைகொண்டதனால், தூரம் குறைந்தது. வெளிவாரியாகக் கற்பவனின் கட்டணம் குறையவில்லை.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தேறிய குழந்தைகளுக்கு மாலையும் பதக்கமும் சூட்டி மேடை போடுவதில் நம் ஆலயத் தர்மகர்த்தாக்களும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களும், பழைய மாணவர் சங்கத்தாரும் காட்டும் சிரத்தை பாராட்டத்தக்கதே. அந்த மேடைச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, முப்பது வயதில் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் ஓர் ஆணுக்கோ, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் படிக்க உட்காரும் ஒரு பெண்ணுக்கோ பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிக்கொடுக்க அவர்கள் முன்வரவேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்கிறேன்.