சவரக் கத்தியில் இல்லாத பெயர்

மடக்குச் சவரக் கத்திகளைத் தேடிச் சேகரித்து, துரு நீக்கி, மீண்டும் தீட்டிப் பயன்படுத்தும் ஆர்வம் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. அதில் புதிதாக ஈடுபடுவோர் கத்தியைக் கையிலெடுத்ததும் முதலில் தேடுவது, அலகின் அடிப்பகுதியிற் பொறிக்கப்பட்டுள்ள பெயரையே. பெயர் புகழ்பெற்றதாயின் விலை ஏறும். தேய்ந்திருப்பின் விலை இறங்கும். ஆயின், அப்பெயர் யாருடையது? அக்கத்தியை ஆக்கியோர் யாவர்? இக்கேள்விகளை எழுப்பாத சேகரிப்பு வெறும் பண்டக் குவிப்பாகவே முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்குச் சவரக் கத்திகளை அனுப்பிய ஷெபீல்ட் நகரின் வரலாறு இவற்றுக்கு விடை தருகின்றது.

வட இங்கிலாந்தின் இந்நகரிற் கத்தித் தொழில் வேரூன்றியமைக்கு இயற்கையும் துணைநின்றது. குன்றுகளிலிருந்து விரைந்திறங்கும் சிற்றாறுகள் நீர்ச்சக்கரங்களைச் சுழற்றின; அயலிற் கிடைத்த மணற்கல் சாணைக்கல்லாயிற்று. கத்தி செய்வோரின் சங்கம் 1624இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்தது. 1740களில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் களிமண் மூசையிலிட்டு உருக்கி, எங்கும் ஒரே தரமான உருக்கைப் பெறும் முறையை வகுத்தார்.

மூசை உருக்கு நமது பிரதேசத்துக்குப் புதியதன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது ஆக்கப்பட்டது. ‘ஊட்ஸ்’ என ஐரோப்பியர் அழைத்த அவ்வுருக்கை லண்டனிற் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்ரோடாட் பெரிதும் போற்றினார். அவரும் விஞ்ஞானி மைக்கேல் பரடேயும் அதன் இயல்பை ஆராய முற்பட்டு, 1820இலும் 1822இலும் கலப்புருக்குப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டனர். 500இல் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த உருக்கும் அவற்றுள் ஒன்று. பழைய கத்திகள் சிலவற்றிற் காணும் ‘வெள்ளி உருக்கு’ என்ற பொறிப்பு இவ்வாய்வின் புகழை ஒட்டி எழுந்ததே. ஆய்வாளரின் பெயர் வரலாற்றில் நின்றது. மூசையருகே வெந்த தென்னாசியக் கொல்லரின் பெயர்கள் நிற்கவில்லை.

ஷெபீல்ட் தொழிலாளரின் நிலையும் இதனின்று வேறுபட்டதன்று. ஒரு கத்தி பல கைகளைக் கடந்தே உருவாயிற்று. கொல்லர் அலகை அடித்தார். ஒருவர் அதற்குப் பதமேற்றினார். சாணைக்காரர் குழிவும் கூரும் தந்தார். இன்னொருவர் கொம்பிலோ தந்தத்திலோ பிடி பொருத்தினார். சாணைக்காரர் பலர் பொதுச் சாணைச்சாலையில் ஓரிடத்தை வாடகைக்கு எடுத்து, கல்லைச் சுழற்றும் நீர் அல்லது நீராவிச் சக்திக்கும் தாமே பணஞ் செலுத்தி, முடித்த வேலையின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றனர். முடிவிற் கத்தியில் நின்றதோ நிறுவனத்தின் பெயர், அல்லது வணிகரின் பெயர்.

சுழலும் கல்லின்மேற் குனிந்திருந்த சாணைக்காரர், கல்லும் உருக்கும் தேய்ந்தெழும் தூசியை மூச்சோடு உள்வாங்கினர். 1830இல் ஷெபீல்ட் வைத்தியர் ஆர்னல்ட் நைட் இவர்தம் நோய் பற்றி எழுதினார். அவர் கணக்கின்படி நகரிலிருந்த சாணைக்காரர் ஏறத்தாழ 2,500 பேர். உலர்ந்த கல்லில் முள்ளுக்கரண்டி தீட்டியோர் 28 முதல் 32 வயதுக்குள் மாண்டனர். உலர்கல், ஈரக்கல் இரண்டிலும் வேலை செய்த சவரக் கத்திச் சாணைக்காரர் 40 முதல் 45 வயதுக்குள் மாண்டனர். ஈரக்கல்லில் மேசைக்கத்தி தீட்டியோரும் ஐம்பதைத் தாண்டவில்லை. பெருங்குடியரே இவர்களுள் நீண்டகாலம் வாழ்ந்தனர் என்றும் நைட் கண்டார். வேலைக்கு வராத நாள்கள் அவர்களுக்கே அதிகம் என்பதே காரணம். இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றி 1845இல் எழுதிய எங்கெல்ஸ் இவ்விவரங்களை எடுத்தாண்டார்.

தூசியைத் தடுக்கும் சாதனங்கள் அக்காலத்திலேயே தோன்றியிருந்தன. ஆயின் சாணைக்காரர் சிலரே அவற்றை எதிர்த்தனர். சில இடங்களில் உடைத்தும் எறிந்தனர். ஆபத்துக் குறையின் மேலும் பலர் தொழிலுக்கு வருவர், கூலி வீழும் என அவர்கள் அஞ்சினர். இதனை அறியாமை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயுளைக் கொடுத்தன்றிக் கூலியைக் காக்க வழியில்லாத நிலையில் அவர்களை நிறுத்திய அமைப்பையே நாம் முதலில் நோக்கவேண்டும்.

அவர்தம் தொழிற்சங்கங்களும் இந்நெருக்கடியிற் பிறந்தவையே. சந்தா செலுத்தாதவரின் சக்கரப் பட்டியைக் கவர்ந்து மறைத்தல் அக்கால வழக்கமாயிருந்தது. 1866இல் வாட்சாணை பிடிக்கும் ஒருவரின் வீட்டில் வெடிமருந்து வெடித்தது. 1867இல் விசாரணை நடந்தது. வன்செயல் கண்டிக்கப்பட்டதோடு, சட்டத்தின் பாதுகாப்பின்றித் தொழிற்சங்கங்கள் இயங்கிய நிலையும் விவாதத்துக்கு வந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சங்கங்களைச் சட்டபூர்வமாக்கியது.

1904இல் ஜில்லெற் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற, தேய்ந்ததும் எறியப்படும் அலகு இத்தொழிலின் சரிவைத் தொடக்கிவைத்தது. முதலாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் படையினருக்கென 35 இலட்சம் சவரக் கருவிகள் வாங்கப்பட்டன. பழைய கத்திகள் பெட்டிகளுள் ஒதுங்கின. அவையே இன்று சேகரிப்போர் கைக்கு வருகின்றன.

தொடங்குவோர் அரிய பெயர்களை நாடவேண்டியதில்லை. வெடிப்பின்றி, முதுகும் கூரும் சீராகத் தேய்ந்த சாதாரண கத்தியொன்று போதும். கூரை அண்டிய ஆழ்ந்த துரு இருப்பின் தவிர்த்தல் நன்று. தீட்டும்போது விளிம்பு உதிரும். முடியுடன் ‘வீ.ஆர்.’ என்ற எழுத்துகள் விக்டோரியா அரசியின் காலத்தை, அதாவது 1837 முதல் 1901 வரையான காலத்தைச் சுட்டும். அமெரிக்காவுக்குச் செல்லும் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்கவேண்டுமென்ற விதி 1891இல் நடைமுறைக்கு வந்தமையால், ‘இங்கிலாந்து’ என்ற பொறிப்புப் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதாகும்.

துருவை எண்ணெயிட்டு இளக்கி, நீரில் நனைத்த நுண்ணிய அரத்தாளாற் கையினாலேயே தேய்க்கவேண்டும். மின்சக்கரத்தின் வெப்பம் மெல்லிய அலகின் பதத்தைக் கெடுத்துவிடும். கல்லில் தீட்டும்போது முதுகும் கூரும் ஒருசேரப் படிந்து, கூர் முன்செல்லவேண்டும். தோல்வாரில் முதுகு முன்செல்லவேண்டும். செலுலொயிட் பிடி சிதையும்போது எழும் அமில ஆவி அலகைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலால், அத்தகையவற்றைப் பிரித்து வைத்தல் நன்று. தந்தப் பிடியுள்ளதை வாங்குவோர், 1989இல் ஆபிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்டதையும் மறத்தலாகாது.

எல்லாவற்றினும் மேலாக, எங்கே நிறுத்துவதென்பதை அறியவேண்டும். பல கத்திகளின் முதுகிலும் வாலின் அடியிலும் நுண்ணிய சாணைக்கோடுகள் தெரியும். நாற்பது வயதுக்குட் பலரைக் கொன்ற தொழிலில் உழைத்த ஒருவரின் கைத்தடம் அது. கண்ணாடிபோற் பளபளக்கச் செய்யும் ஆசையில் அதனை அழித்தல் தகாது. உலரத் தேய்த்துத் தூசி எழுப்புவோர், அத்தூசி இன்னும் நுரையீரலுக்குப் பகையே என்பதை நினைவிற் கொள்க. சேகரிப்புக் குறிப்பேட்டில் நிறுவனத்தின் பெயருக்கு அருகே இன்னொரு வரிக்கு இடம் விடுவோம்: இதனைச் சாணை பிடித்தவர், பெயர் தெரியாதவர்.