டாக்டர் அவலாஞ்ச் பணிபுரியும் ஸ்தாபனம்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் வட்டாரத்து லீட்ஸ் நகரில், 1980இல் இரண்டு இளைஞர்களுக்குத் தங்கள் பாட்டை ரேடியோவில் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி என்ற ராக் குழுவின் ஸ்தாபன நோக்கம் அவ்வளவுதான். சொந்தக் காசில் ஆயிரம் இசைத்தட்டுகள் போட்டார்கள். பி.பி.சி.யில் ஜான் பீல் அதை ஒலிபரப்பினார். நோக்கம் நிறைவேறியதும் கடையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை, இன்றுவரை நடக்கிறது.

இருவரில் ஒருவர் ஆண்ட்ரூ எல்ட்ரிச். ஆக்ஸ்ஃபோர்டில் பிரெஞ்சும் ஜெர்மனும் படிக்கப் போய் முடிக்காமல் கிளம்பி, லீட்ஸில் சீன மொழி படிக்க வந்து அதையும் முடிக்காமல் விட்டவர். மற்றவர் கிதார் வாசித்த கேரி மார்க்ஸ். ஜான் கீனன் என்பவர் நடத்திவந்த எஃப் கிளப்தான் அன்று அந்த ஊரில் பங்க் இசைக்காரர்களின் சங்கமம். இவர்களும் அங்கே வளர்ந்தவர்கள். குழுவின் பெயரை லெனர்ட் கோஹனின் ஒரு பாடலிலிருந்து எடுத்தார்கள். முதல் தட்டில் டிரம்ஸ் அடித்தவர் எல்ட்ரிச். ஒரு பாட்டை அவர் பாடினார், இன்னொன்றை மார்க்ஸ் பாடினார். கேட்டுப் பார்த்தால், இந்த ஏற்பாடு நீடிக்காது என்று யாருக்கும் தெரியும்.

1981இல் எல்ட்ரிச் டிரம்ஸை விட்டு எழுந்து மைக்குக்கு வந்தார். காலியான இடத்தில் ஆளைப் போடாமல் இயந்திரத்தைப் போட்டார்கள். பாஸ் நிறுவனத்தின் டி.ஆர்-55 என்ற டிரம் மெஷின், கையில் தூக்கிப் போகக்கூடிய சின்னப் பெட்டி. நான்கே நான்கு ஒலிகள். அதற்கு ‘டாக்டர் அவலாஞ்ச்’ என்று பெயரிட்டு, உறுப்பினர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். பாஸ் கிதாருக்கு கிரேக் ஆடம்ஸ் வந்தார். 1981 பிப்ரவரி 16 அன்று யார்க் பல்கலைக்கழகத்தின் ஆல்குவின் கல்லூரியில் முதல் மேடை. குழு தன் வயதைக் கணக்கிடுவது அந்த நாளிலிருந்துதான். இரண்டாவது கிதார்க்காரராக பென் கன் பிறகு சேர்ந்தார்.

விழா மலர் என்றால் நிறுவனர் படத்துக்கு அடுத்த பக்கத்தில் நெடுநாள் ஊழியரின் படம் வரும். இந்த ஸ்தாபனத்தில் அந்தப் பக்கம் டாக்டருக்குத்தான். எல்ட்ரிச்சைத் தவிர அத்தனை பேரும் மாறிவிட்டார்கள். டாக்டர் மட்டும் இருக்கிறார். உடம்பு மாறியிருக்கிறது என்பது உண்மை. ரோலண்ட் டி.ஆர்-808, ஓபர்ஹைம் டி.எம்.எக்ஸ் என்று பல பிறவி எடுத்து, இப்போது கணினிக்குள் குடியிருக்கிறார். மேடையில் அவரைக் கவனிக்கும் பணியாளரைக் குழுவினர் ‘நர்ஸ்’ என்கிறார்கள். மார்ச் வயலட்ஸ் குழுவின் பாடகர் சைமன் டென்பி பல காலம் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இதை வெறும் கேலி என்று ஒதுக்க முடியாது. குழுவின் இசை அமைந்த விதமே இந்த ஊழியரின் குணத்தால் வந்தது. மனித டிரம்மர் பாடகர் தடுமாறினால் காத்திருப்பார், கூட்டம் சூடேறினால் வேகம் பிடிப்பார். இயந்திரம் இரண்டையும் செய்யாது. தொடங்கிய வேகத்திலேயே முடிக்கும். மற்றவர்கள்தான் அதன் பின்னால் நடக்க வேண்டும். அதனால் ஆடம்ஸின் பாஸ் அந்தத் தாளத்தோடு ஆணியடித்ததுபோல் நின்றது. கிதார்கள் சில சுரங்களையே திரும்பத் திரும்பச் சுற்றின. இவற்றுக்கு மேலே எல்ட்ரிச்சின் அடித்தொண்டைக் குரல். மேடை முழுக்கப் புகை, பின்னாலிருந்து விளக்கு; ஆட்களின் நிழல் மட்டும் தெரியும். பத்திரிகைகள் இதற்கு ‘கோதிக் ராக்’ என்று முத்திரை குத்தின. எல்ட்ரிச் அன்று முதல் மறுத்துவருகிறார். தாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் மட்டுமே என்பது அவர் கட்சி. டாலி பார்ட்டனின் கண்ட்ரி பாட்டையும் ஹாட் சாக்லேட்டின் பாப் பாட்டையும் அதே முகத்தோடு வாசித்த குழு என்பதால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கறுப்பு உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றவர் இந்த முத்திரையைக் கண்டு ரொம்பவும் ஆச்சரியப்பட்டிருக்க முடியாது.

நிர்வாகத்துக்கு வருவோம். குழுவுக்குச் சொந்தமான லேபிளின் பெயர் மெர்சிஃபுல் ரிலீஸ். கிரேயின் உடற்கூறு நூலிலிருந்து எடுத்த, தோல் உரித்த தலையின் படம். பின்னால் ஐந்துமுனை நட்சத்திரம். இதுவே சின்னம். வடிவமைத்தவரும் எல்ட்ரிச்தான். பிரிட்லிங்டன் என்ற கடற்கரை ஊரில் கென் ஜைல்ஸ் நடத்திய சிறிய கே.ஜி. ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. 1982இல் ‘ஆலிஸ்’, 1983இல் ‘ரெப்டைல் ஹவுஸ்’, ‘டெம்பிள் ஆஃப் லவ்’ எல்லாம் இந்த வழியில் வந்தவை. மார்ச் வயலட்ஸ் போன்ற உள்ளூர்க் குழுக்களின் தட்டுகளையும் இதே லேபிள் வெளியிட்டது. எந்தப் பெரிய கம்பெனியின் தயவும் இல்லாமல் சுதந்திரக் கம்பெனிகளுக்கான விற்பனைப் பட்டியலில் முன்வரிசைக்கு வந்தார்கள். என் கணக்கில் இந்த ஆண்டுகளே குழுவின் பொற்காலம். பிற்பாடு வந்த ஆல்பங்கள் செல்வச் செழிப்பு, அவ்வளவுதான்.

1984இல் டபிள்யூ.இ.ஏ. கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. மெர்சிஃபுல் ரிலீஸ் சின்னத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குள் பென் கன் விலகி, கிதாருக்கு வேய்ன் ஹஸ்ஸி சேர்ந்திருந்தார். 1985 மார்ச்சில் முதல் ஆல்பம். ஏப்ரலில் கேரி மார்க்ஸ் விலகல். ஜூன் 18 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி. அதற்குப் பிறகு ஹஸ்ஸியும் ஆடம்ஸும் பிரிவு. பிரிந்த இருவரும் ‘தி சிஸ்டர்ஹுட்’ என்ற பெயரில் வாசிக்கத் தொடங்கினார்கள். கட்சி உடைந்தால் பெயருக்கும் சின்னத்துக்கும் நடக்கும் சண்டையை நன்றாக அறிந்தவர்கள் நாம். எல்ட்ரிச் செய்ததைச் சட்டென்று புரிந்துகொள்வோம். 1986 ஜனவரியில் அதே பெயரில் அவசரமாக ஒரு தட்டை வெளியிட்டு, பெயர் தன்னுடையது என்று நிறுவிவிட்டார். எதிர்த்தரப்பு ‘தி மிஷன்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, அந்தப் பெயரில் நன்றாகவே வாழ்ந்தது.

மிஞ்சியது எல்ட்ரிச், டாக்டர், புதிதாகச் சேர்ந்த பட்ரீஷியா மாரிசன். 1987இல் வந்த ‘ஃப்ளட்லேண்ட்’ முழுக்க முழுக்க இயந்திரத் தாளத்தில் நிற்கும் ஆல்பம். அதில் ‘திஸ் கரோஷன்’ பாட்டுக்குத் தயாரிப்பாளர் ஜிம் ஸ்டைன்மன் பெரிய பாடகர் குழுவையே கொண்டுவந்து இறக்கினார். பதினோரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிங்கிளாக வந்தபோது பிரிட்டிஷ் பட்டியலில் 7ஆம் இடம். 1990இல் ‘விஷன் திங்’, மறுபடி கிதார் பக்கம். மறு ஆண்டு பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவோடு சேர்ந்து அமெரிக்காவில் கிளம்பிய பயணம் பாதியில் நின்றது. 1992இல் இஸ்ரேலியப் பாடகி ஓஃப்ரா ஹாசா பங்கேற்க ‘டெம்பிள் ஆஃப் லவ்’ மறுஒலிப்பதிவு, 3ஆம் இடம்.

இந்த ஸ்தாபனத்தின் வரலாற்றில் மிக விசித்திரமான அத்தியாயம் அடுத்து வருகிறது: வேலைநிறுத்தம். கம்பெனியோடு மனஸ்தாபம் முற்றி, ஒப்பந்தப்படி தரவேண்டிய ஆல்பங்களைத் தர மறுத்து எல்ட்ரிச் கையைக் கட்டிக்கொண்டார். தொழிலாளி வேலையை நிறுத்தினால் கூலி நிற்கும். இவருக்கு மேடை இருந்தது, வண்டி ஓடியது. கடைசியில் 1997இல் பாக்கிக்கு ஈடாக எஸ்.எஸ்.வி. என்ற பெயரில் ஓர் ஆல்பம் கைமாறியது. மின்னணு முனகலுக்கு மேல் எல்ட்ரிச்சின் முணுமுணுப்பு. தாளம் அறவே இல்லை. டாக்டரை அந்த வேலைக்கு அனுப்பவே இல்லை! கம்பெனி அதை வாங்கிக்கொண்டு அவரை விடுவித்தது. கடைக்கு அது வரவேயில்லை.

அதற்குப் பிறகு ஆல்பம் கிடையாது. புதுப் பாட்டுகளோடு குழுவின் பெயரில் வந்தவற்றில் 1990இன் ‘விஷன் திங்’தான் கடைசி. கச்சேரிகள் மட்டும் ஐரோப்பாவிலும் வெளியிலும் நடக்கின்றன. 2006இலிருந்து கிதாரில் பென் கிறிஸ்டோ; அவரோடு நிற்கும் இன்னொரு கிதார்க்காரர் அவ்வப்போது மாறுவார். புதுப் பாட்டுகள் எழுதாமல் இல்லை. எழுதுகிறார்கள், மேடையில் வாசிக்கிறார்கள், தட்டாக வெளியிடுவதில்லை. கேட்க வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கிப் போகத்தான் வேண்டும்.